‘எவரும் உணரவில்லை’ என்ற வரி

மில்லில் என் மனைவிக்கு ‘வாயாடி’ என்று பேர். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு அந்தப் பேரை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். எங்களுடையது துண்டு நெய்கிற மில். தறி ஷெட்டுக்குள் கால் வைத்துவிட்டால் யாருக்குமே காது கேட்காது. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலில் எல்லோரும் பேச்சற்று நிற்க, இவள் ஒருத்தி மட்டும் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையாலேயே கதை அளந்துகொண்டிருப்பாள். யார் வீட்டில் யாருக்கு மனஸ்தாபம், மேஸ்திரியின் புது மீசை என்ன லட்சணத்தில் இருக்கிறது, எல்லாம் அதில் வரும். பார்த்துப் பார்த்து மற்ற பெண்களும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்த அன்று ஷெட் முழுவதும் கைகளாகப் பறந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

சிரிக்க வைத்தவள் இவள்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்குக் காது கொஞ்சம் எடுப்பாக இருக்கும். காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினால் அது நான். அதுதான் மில்லில் என் பேர். அந்தப் பேரோடுதான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

கல்யாணமான புதிதில் என் அம்மாவுக்கு இரண்டு விஷயம் பொறுக்கவில்லை. ஒன்று, சைகையில் ‘நீங்க’ கிடையாது. விரலை நீட்டினால் ‘நீ’தான், அது புருஷனாக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி, மில் முதலாளியாக இருந்தாலும் சரி. இன்னொன்று, அவள் என்னைக் கூப்பிடும் விதம். மற்ற வீடுகளில் ‘ஏங்க’ என்பார்கள். இவள் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டுவாள். எங்கள் வீடு மாடியில், பலகைத் தளம். ஒரு தட்டு என்றால் ‘இங்கே வா’. இரண்டு தட்டு என்றால் ‘இப்பவே வா’. மூன்றாவது தட்டுக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

தரை வழியாக அவளுக்குத் தெரியாத சேதி கிடையாது. மாடிப்படியில் காலடி விழும்போதே, “உன் தங்கச்சி வர்றா, ஏதோ கோபம்” என்பாள். கதவைத் திறந்தால் என் தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதால் அதை ஒரு அதிசயமாக நான் நினைக்கவில்லை. அதிசயம் என்று தெரிந்தது எங்கள் ஊர் மலை பாதுகாப்பு பட்ஜெட்டில் இடம்பிடித்த வருஷத்தில்தான்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு மொட்டை மலை இருக்கிறது. ராணுவத்துக்குச் சொந்தம். இவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் அந்த மலையைக் குடைந்து, உள்ளே ஆழத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். பிறகு நாடுகள் கூடிப் பேசி ஏதோ ஒப்பந்தம் போட்டதும் அது நின்றுபோனது. நான் வேறு ஊர்க்காரன். அதற்கெல்லாம் பிறகு வந்தவன். ஊரில் விசாரித்தால், “எப்போ வெடிச்சாங்கன்னே எங்களுக்குத் தெரியாது, மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவோம்” என்பார்கள். மில் இரவு பகலாக ஓடுகிற ஊர். ஜன்னல் கண்ணாடி எப்போதும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அதில் எது மலையின் ஆட்டம், எது தறியின் ஆட்டம் என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

அந்த வருஷம் சங்கத்துச் செயலாளர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கத்தைக் காகிதத்தோடு மில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். எங்களோடு தறி ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணிதான். குரல் கொஞ்சம் கணீரென்று இருந்ததால் செயலாளராக்கிவிட்டோம். பெஞ்சின் மேல் ஏறி நின்று விஷயத்தைச் சொன்னார். நாட்டின் பாதுகாப்புச் செலவுக்கான மசோதா நாடாளுமன்றத்துக்கு வருகிறது. துப்பாக்கி, கப்பல், சிப்பாய்களின் சம்பளம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றின் நடுவே எங்கள் மலையைப் பற்றி இரண்டு பிரிவுகள். ஒன்று, தேவைப்பட்டால் மறுபடி சோதனை நடத்துவதற்கு மலையைத் தயார் செய்யப் பணம். இரண்டாவது, மலைக்கும் அதைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் சுற்றுச்சூழல் சட்டங்களிலிருந்து விலக்கு. அதாவது, மலையடியில் இருக்கிற சோதனைக் கிணறுகளின் தண்ணீரை இனி யாரும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை, ஊருக்கு எதையும் அறிவிக்க வேண்டியதில்லை, யாரும் கோர்ட்டுக்கும் போக முடியாது.

“ஆட்சேபம் இருக்கிறவங்க நாடாளுமன்றக் குழு முன்னாடி வந்து சொல்லலாமாம். நம்ம சங்கத்துக்கு ஒரு ஆள் பேச இடம் கொடுத்திருக்காங்க. நான் போய்ப் பேசிட்டு வர்றேன்” என்றார் செயலாளர்.

இவள் அந்தக் காகிதக் கத்தையை வாங்கிப் படித்தாள். கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிற ஜாதி அவள். பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். விரலை அந்த வரியில் வைத்து என்னைப் பார்த்தாள். சட்ட விலக்கு ஏன் என்பதற்குக் காரணம் எழுதியிருந்த இடம் அது. ‘முன்னர் நடைபெற்ற சோதனைகளின்போது சுற்றுவட்டாரத்தில் எவரும் எதையும் உணரவில்லை.’

“எவரும்னா யாரு?” என்று கேட்டாள்.

“எவரும்னா எல்லாரும்தான்.”

“அப்போ நான் யாரு?”

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி. சிமெண்டுத் தரை என்பதால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடமே சாப்பாட்டை நிறுத்தியது. “நான் உணர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உணர்ந்தேன். யார் வந்து என்கிட்ட கேட்டாங்க?”

செயலாளர் பெஞ்சிலிருந்து இறங்கி வந்தார். “அப்போ நான் எதுக்குப் பேசணும்? நீ பேசு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மலைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். மோட்டார் சைக்கிளில் போனோம். வேலி வரைக்கும்தான் விடுவார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறி நின்றால் உள்ளே தெரியும். நான் அதுவரை பார்த்ததில்லை. மலைச்சரிவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். தோண்டிய பள்ளங்கள் அல்ல, தானாக உள்ளே அமிழ்ந்த பள்ளங்கள். பாத்திரத்தை மணலில் அழுத்தி எடுத்தால் ஒரு குழிவு விழுமே, அந்த மாதிரி. ஒவ்வொன்றும் எங்கள் மில்லை ஷெட்டோடு, புகைபோக்கியோடு உள்ளே இறக்கி வைக்கலாம் என்கிற அளவு. விளிம்புகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. ஒன்றின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கி, வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. ஒரு பறவைக் கூட்டம் அதற்குள் இறங்கியது; இறங்கிக்கொண்டே இருந்தது; தண்ணீரைத் தொடும்போது கடுகு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஆழம் புரிந்தது. மேலே ஒரு கீறல் கிடையாது, கருகல் கிடையாது. எல்லாம் உள்ளே நடந்திருக்கிறது. மலை அதை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் இவள் மேட்டில் குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தை மண்ணில் வைத்து, கைகளை விரித்து. வேலிக்கு உள்ளேயிருந்த காவலாளி சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தான். “உடம்பு சரியில்லையா?” என்று கத்தினான். “இல்லைங்க, கேட்டுட்டிருக்கா” என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டான்.

எழுந்தபோது கன்னமெல்லாம் மண். “என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லை” என்றாள். “இவ்வளவு அமைதியான ஒரு இடத்தை நான் தொட்டதே இல்லை.”

குழு கூடுகிற நாளுக்கு முந்தின நாளே தலைநகருக்குப் போய்விட்டோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஷெட்டுப் பெண்கள் விடுவார்களா? ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். குழுக் காரியாலயத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார்கள். இவள் மறுத்துவிட்டாள். “அவங்க பேசுறது பள்ளிக்கூடப் பேச்சு. என்னது மில்லுப் பேச்சு. என் வீட்டுக்காரனே சொல்லட்டும். தப்பாச் சொன்னா எனக்குத் தெரியும், அவன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்” என்றாள். இதையும் நானேதான் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் நடந்த அறையை நான் மறக்க மாட்டேன். தேர் உள்ளே வந்து திரும்பிப் போகிற அளவுக்கு உயரம். லாடம் மாதிரி வளைந்த பெரிய மேசை; ஒரே மரத்தில் செய்தது போலப் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி உறுப்பினர்கள். நடுவில் தலைவர், வயதான அம்மா, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு பக்கத்தில் அமைச்சகத்து ஆட்கள். அவர்களோடு சீருடையில் ஒரு நரைத்த அதிகாரி. மேலே மாடத்தில் பொதுமக்களுக்கு இடம். எங்கள் பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ‘பேசக் கூடாது, கை தட்டக் கூடாது’ என்று அறிவிப்புப் பலகை. பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. உட்கார்ந்த நேரத்திலிருந்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் தலைமுடியைப் பற்றியும் கையாலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

உள்ளே கூப்பிடுவதற்கு முன் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது இவள் என் தொடையைத் தட்டினாள். “கீழே ரயில் ஓடுது.”

வாசல் காவலரிடம் கேட்டேன். “ரயிலா? இங்கே ஸ்டேஷனே கிடையாதே” என்றார். இவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு விட்டுவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். சாட்சி நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவளுடைய கை எனக்குத் தெரிகிற மாதிரி எதிரில் நான் நின்றேன். அவளுக்கு ஒரு பதற்றமும் இல்லை. விரலை நேராகத் தலைவரை நோக்கி நீட்டினாள். நான் அவசரமாக, “நீங்க...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க எழுதியிருக்கீங்க, எவரும் எதையும் உணரலைன்னு. நான் உணர்ந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

“எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். அம்மா மில்லுக்குப் போயிருந்தாங்க. பகல் நேரம். நான் தரையில குப்புறப் படுத்துப் படம் வரைஞ்சுட்டிருந்தேன். எங்க ஊர்ல தரை எப்பவுமே ஆடும், மில்லு ஓடுறதால. அது பாட்டுக்கு ஆடும். அது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. அன்னிக்கு அதுக்குள்ளே இன்னொண்ணு வந்துச்சு.”

அங்கே அவள் ஒரு சைகை காட்டினாள். ஒரு உள்ளங்கையைக் கவிழ்த்துப் படுக்கவைத்தாள். இன்னொரு கையை முஷ்டியாக்கி அதற்கு அடியில் கொண்டுவந்தாள். முஷ்டி மெல்லத் திறக்கத் திறக்க மேலே இருந்த உள்ளங்கை உப்பி எழும்பியது. எழும்பி, ஒரு கணம் நின்று, தணிந்தது. எங்கள் மில்லுப் பேச்சில் அப்படி ஒரு சைகை கிடையாது. நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அவளே தனக்காகச் செய்துகொண்டது. நான் நின்றுவிட்டேன்.

“என்ன சொல்றாங்க?” என்று தலைவர் கேட்டார்.

“அம்மா, இதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லைங்க” என்றேன்.

“அப்போ வார்த்தை வேண்டாம். எங்களுக்கே தெரியுது. மேல சொல்லச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

“கீழேயிருந்து ஒரே ஒரு தள்ளு. வயித்துல, நெஞ்சுல, தாடையில, எல்லாத்துலயும் ஒரே நேரத்துல. அப்புறம் ஒண்ணுமில்லை. அப்புறம் ரொம்ப மெதுவா, படகுல உக்காந்திருக்கிற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. மில்லே அதுக்கு மேல மிதந்துச்சு.”

“பயந்துட்டீங்களா?”

“இல்லை. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அவ்வளவு பெருசா ஒண்ணு என்னைத் தொட்டுட்டுப் போன மாதிரி. அம்மா வந்ததும், பூமி திரும்பிப் படுத்துச்சுன்னு சொன்னேன். பயம் பின்னாடிதான் வந்துச்சு. அது பூமி தானாச் செஞ்சதில்லை, மனுஷங்க செய்ய வெச்சதுன்னு தெரிஞ்சப்போ.”

மேசையின் ஓரத்திலிருந்து ஒரு இளம் உறுப்பினர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார். “எட்டு வயசுக் குழந்தை. வீதியில ஒரு பெரிய லாரி போயிருக்கலாம் இல்லையா? இல்லே, மில்லுலயே ஏதாவது மெஷின் விழுந்திருக்கலாம். ஒரு ஆட்டத்துக்கும் இன்னொரு ஆட்டத்துக்கும் வித்தியாசம் எப்படிங்க சொல்ல முடியும்?”

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் யோசித்தாள். பிறகு, “எல்லாரும் ரெண்டு கையையும் மேசை மேல வைங்க. அழுத்தாம, சும்மா வைங்க” என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர்தான் முதலில் வைத்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். அப்படியே மேசை முழுக்கக் கைகள் இறங்கின. கேள்வி கேட்ட இளைஞரும் வைத்தார். அமைச்சகத்து ஆட்களில் சிலரும், நரைத்த அதிகாரியும் வைத்தார்கள். ஃபேன் சத்தம்கூட அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவள் பாதங்களைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினாள். காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“இப்போ” என்று கையை உயர்த்தினாள். “வடக்கேயிருந்து வருது. இதோ, உங்க பக்கம். இப்போ நடுவுல. இப்போ அந்தப் பக்கம் போகுது. போயிடுச்சு.”

அவள் விரல் எங்கே காட்டியதோ, அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மாறியது. வயலில் காற்று நகர்வதைப் பார்ப்போமே, அப்படி அந்த மேசையைச் சுற்றி அது நகர்ந்தது. ஒருவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். தலைவர் கையை எடுக்காமலேயே, “என்ன இது?” என்று கேட்டார். குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

“சுரங்க ரயில்ங்க. இந்தக் கட்டடத்துக்கு அடியில போகுது போல” என்றேன்.

“எத்தனை வருஷமா இந்த மேசையில உக்காந்திருக்கேன்...” என்றார் தலைவர்.

“இது ரயில்” என்றாள் இவள். “ரயில் ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் போகும். லாரியும் அப்படித்தான். மலையிலேருந்து வந்தது எந்தப் பக்கமும் வரலை, எந்தப் பக்கமும் போகலை. அடியிலேருந்து வந்துச்சு. எல்லா இடத்துலயும் ஒரே சமயத்துல இருந்துச்சு. அந்த மாதிரி வேற எதுவும் என் ஆயுசுல வந்ததில்லை.”

இளம் உறுப்பினர் தலையை ஆட்டினார். “சரிங்க” என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் நாங்கள் யாரும் எதிர்பாராதது நடந்தது. சீருடை அதிகாரி தலைவரிடம் அனுமதி கேட்டார். எழுந்து நின்றார்.

“நான் அந்த மலையில வேலை பார்த்தவன். சின்ன வயசு இன்ஜினியர். எதிர்க் குன்றுல இருந்து பார்த்தோம்” என்றார். “பொத்தானை அழுத்தினதும் மலை எழும்பிச்சு. ஒரு ஆள் உயரத்துக்கு, மொத்த மலையும். தூசி மட்டும் மலையை விட்டுத் தனியா, ஒரு போர்வை மாதிரி அந்தரத்துல நின்னுச்சு. அப்புறம் மலை திரும்ப உட்கார்ந்துச்சு. வெற்றின்னா கை தட்டணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க. ஒருத்தர்கூடத் தட்டலை. எங்களுக்குப் பேச்சே வரலை.”

நான் அவர் பேசுவதை இவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவள் என் கையைப் பார்க்கவே இல்லை. என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். “அவர் கையைப் பாரு.”

பார்த்தேன். பேசப் பேச, தன்னை அறியாமல், அந்த மனுஷர் ஒரு உள்ளங்கையைக் கவிழ்த்து, இன்னொரு கையை அதற்கு அடியில் வைத்து, மெல்லத் திறந்துகொண்டிருந்தார். மேல் கை உப்பி எழும்பியது. நின்றது. தணிந்தது. சற்று முன் இவள் காட்டிய அதே சைகை. ஒருத்தி தரையில் படுத்திருந்து தொட்டது. ஒருத்தர் குன்றில் நின்று பார்த்தது. இருவருக்கும் வாய்ச்சொல் கிடைக்கவில்லை. கைக்கு ஒரே சொல்தான் கிடைத்திருக்கிறது. தலைவரும் அதைக் கவனித்துவிட்டார். அவர் கண் அதிகாரியின் கையிலிருந்து இவள் கைக்கு வந்து, மறுபடி அங்கே போனது.

“நாட்டுக்கு அந்தப் பணம் வேணும்னுதான் நான் இப்பவும் நினைக்கிறேன்” என்று அதிகாரி முடித்தார். “அதுல மாற்றமில்லை. ஆனா எவரும் உணரலைங்கிற வரி உண்மையில்லை. அதை எடுத்துடுங்க.” உட்கார்ந்துகொண்டார். இவள் எழுந்து அவரைப் பார்த்துத் தலை வணங்கினாள். அவரும் உட்கார்ந்தபடியே வணங்கினார்.

கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

“நாட்டைக் காப்பாத்த என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. துண்டு நெய்யத்தான் தெரியும். ரெண்டு விஷயம் கேக்குறேன். அந்த மலையைத் திரும்பவும் எழுப்பாதீங்க. இன்னொண்ணு, எழுப்பினாலும் எழுப்பாட்டியும், கிணத்துத் தண்ணியைப் பரிசோதிக்கிறதை நிறுத்தாதீங்க. ஆட்டம் என் காலுக்குத் தெரியும். தண்ணியில என்ன கலந்திருக்குன்னு என் நாக்குக்குத் தெரியாது, உங்க நாக்குக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. அதை ஏன் மூடணும்?”

சொல்லி முடித்துக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே மாடத்தில்தான் முதலில் அசைவு. எங்கள் ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் ஒருசேர எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துப் படபடவென்று ஆட்டினார்கள். தறி ஷெட்டில் கை தட்டினால் யாருக்குக் கேட்கும்? யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் அங்கே அப்படித்தான். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அந்த உயரமான அறையின் மாடம் முழுக்கக் கைகள், மரத்தில் இலை துடிக்கிற மாதிரி. காவலர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

“எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலை” என்றார் தலைவர்.

இவள் மேலே நிமிர்ந்து பார்த்தாள். அதுவரைக்கும் அசராமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். நானும் என் பங்குக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கையில் இருந்தது எங்கள் மில் துண்டு; நன்றாக உறிஞ்சும்.

முடிவு சொல்லிவிடுகிறேன். குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. சுற்றுச்சூழல் சட்ட விலக்கு தோற்றது. கிணறுகளைப் பழையபடி பரிசோதிக்கிறார்கள். முடிவுகளை நகராட்சிச் சுவரில் ஒட்டுகிறார்கள். ‘எவரும் எதையும் உணரவில்லை’ என்ற வரி எடுக்கப்பட்டது. மலைக்குப் பணம் ஒதுக்குகிற பிரிவு மட்டும் நிறைவேறிவிட்டது, ஊருக்கு முன்கூட்டியே சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு எதிர்ப்பு ஓட்டுகளும் விழுந்தன, இளம் உறுப்பினருடையதும் சேர்த்து. ஆனால் போதவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை மலையில் சோதனை ஏதும் நடக்கவில்லை. நடக்காது என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஊர் கொண்டாடியது. இவள் கொண்டாடவில்லை. “பாதி நெய்ஞ்ச துண்டு” என்றாள். “தறியிலேயே விட்டுட்டுப் போக முடியாது.”

அப்போதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்த மசோதா வெளிவந்ததும் வாங்கிவிடுகிறாள். சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் படிப்பாள். ஷெட்டுப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அரசாங்கத்து மொழியை இவர்கள் கையால் பேசிக் காட்டுவதைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். ‘விதிவிலக்கு’ என்பதற்கு ஒரு சைகை கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் தரையில் இரண்டு தட்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். இந்த வருஷத்து மசோதாவில் ஒரு பிரிவைக் காட்டினாள். தெற்கே இருக்கிற சதுப்பு ஏரிக்கு மேலே போர் விமானங்கள் தாழப் பறந்து பயிற்சி செய்யலாம். இரைச்சலுக்கான சட்ட வரம்பு அங்கே செல்லாது. குஞ்சு பொரிக்கிற பருவத்திலும் அப்படித்தான்.

“ஜெட் விமானம் தாழப் பறந்தா சத்தம் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள்.

நான் முயற்சி செய்தேன். வானத்தைத் துணி மாதிரி கிழித்துக்கொண்டு போகும் என்றேன். நம் தறி எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் தலைக்குள் புகுந்து வெளியே போகும் என்றேன். கூரைக்கு மேலே கையை ஓட்டிக் காட்டினேன், காதைப் பொத்திக் காட்டினேன், மேசைக்கு அடியில் பதுங்கிக்கூடக் காட்டினேன். அவள் கன்னத்தில் கைவைத்து, ஒரு வார்த்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அகன்றுபோயிருந்தது.

“பறவைக்குக் காதைப் பொத்தக் கையும் கிடையாது” என்றாள் கடைசியில். “காது கேக்கிறவங்களுக்காகவும் யாராவது பேசணுமில்ல? குழுவுக்கு எழுது. நாம ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லு.”

எழுதிப் போட்டுவிட்டேன். தேதி இன்னும் வரவில்லை.